குழலில் நான்கு அங்குலம் குறைத்தால் குண்டின் வேகம் எவ்வளவு குறையும்? பீட்டர்மாரிட்ஸ்பர்க் துப்பாக்கிப் பட்டறை ஒன்றின் மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உரிமம் பெற்று நடத்தப்படும் ஒரு சிறிய துப்பாக்கிப் பட்டறையில், .308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவைச் சுடும் என் வேட்டைத் துப்பாக்கியின் குழலை 24 அங்குலத்திலிருந்து 20 அங்குலமாகக் குறைத்து, அதன் வாயில் சைலன்சர் பொருத்த மரை வெட்டி வாங்கினேன். டொங்காட், ஸ்டாங்கர் பக்கம் கரும்பு பயிரிடும் நம்மவர்கள் பலர் இதே வேலையைச் செய்துகொள்ள விரும்பியும், வேகம் போய்விடுமே என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை வாய்ப்பேச்சால் போக்காமல் அளந்து காட்டிப் போக்குகிற பட்டறை இது.

இரவில் கரும்புக்குள் புகும் காட்டுப்பன்றியை விரட்டப் போகிறவருக்கு நீளமான துப்பாக்கி பெரும் இடைஞ்சல். 24 அங்குலக் குழலின் முனையில் சைலன்சரையும் மாட்டிவிட்டால், பக்கியின் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) கதவைத் தாண்டி எடுப்பதே சிரமம். கரும்பு வரிசைகளுக்கு இடையில் திரும்புவது அதைவிடச் சிரமம். சுடும் தூரமோ பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் இருக்கும்.

உரிமத்தைச் சரிபார்த்த பிறகே துப்பாக்கியைக் கையில் வாங்கினார் பட்டறைக்காரர். உடனே வெட்டிவிடவும் இல்லை. "வெட்டின இரும்பை ஒட்ட முடியாது தம்பி, முதலில் அளந்து பார்த்துவிடுவோம்" என்றார். ராடார் வகை வேகமானியை வைத்து, நான் வழக்கமாகப் பயன்படுத்தும் 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) எடைக் குண்டு கொண்ட தோட்டாக்களில் பத்தைச் சுட்டு, அவற்றின் சராசரியைக் குறித்துக்கொண்டார். வேலை முடிந்த பின், அதே பெட்டித் தோட்டாக்களைக் கொண்டு, ஏறக்குறைய அதே வெப்பநிலையில் மறுபடியும் அளந்தார். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்களுக்குள்ளேயே வேகம் சற்று ஏறி இறங்கும். வெயில் ஏறினால் வெடிமருந்தின் அழுத்தமும் ஏறும். ஆகவே ஓரிரு குண்டுகளைச் சுட்டுப் பார்த்துச் சொல்லப்படும் கணக்கை நம்ப முடியாது.

வெட்டுவதற்கு முன் சராசரி வேகம் நொடிக்கு 860 மீட்டர்; வெட்டிய பின் 832 மீட்டர். அதாவது ஓர் அங்குலத்துக்கு ஏழு மீட்டர் குறைந்திருக்கிறது. இந்த ரகத் தோட்டாவுக்கு ஓர் அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு மீட்டர் வரை குறையும் என்பது துப்பாக்கித் துறையில் பரவலாக அறியப்பட்ட கணக்கு. என் குழலும் அதற்குள்ளேயே நின்றது.

இவ்வளவு குறைவாகவே வேகம் போவதற்குக் காரணம் உண்டு. வெடிமருந்து பற்றியதும் எழும் வாயுவின் அழுத்தம், குண்டு முதல் சில அங்குலங்களைக் கடப்பதற்குள்ளேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. குண்டு முன்னேற முன்னேற அதன் பின்னாலுள்ள இடம் பெருகி, அழுத்தம் வேகமாகச் சரிகிறது. குழலின் கடைசி அங்குலங்களிலும் வாயு குண்டைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அந்தத் தள்ளலின் வலு தொடக்கத்தில் இருந்ததில் ஒரு சிறு பங்குதான். தோட்டாக் கூட்டின் கொள்ளளவுக்கும் குழலின் உள்ளளவுக்கும் உள்ள விகிதமே இங்கே முக்கியம். சிறிய .22 ரிம்ஃபயர் (அடி விளிம்பில் தட்டி வெடிக்கும்) தோட்டாவில் மருந்து மிகக் குறைவு என்பதால் பதினாறு, பதினெட்டு அங்குலத்திலேயே வேகம் உச்சத்தை எட்டிவிடும். அதற்கு மேல் குழலை நீட்டினால் உராய்வு மிஞ்சி வேகம் குறையவும் கூடும். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய கூடுகளில் மெதுவாக எரியும் மருந்து நிறைய இருப்பதால், அங்கே வெட்டப்படும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இழப்பு அதிகம். அத்தகைய துப்பாக்கியைக் கொண்டு வருபவரிடம் "வேண்டாம்" என்றே சொல்லிவிடுவதாகப் பட்டறைக்காரர் கூறினார். வருகிற வேலையை விட்டுக்கொடுத்துச் சொல்லும் இந்த ஆலோசனையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆற்றல் கணக்கில் ஏறத்தாழ 3,590 ஜூலாக இருந்தது 3,360 ஜூலாகக் குறைந்திருக்கிறது. நூறு மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில், 300 மீட்டரில் குண்டு மூன்று நான்கு சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழும். காட்டுப்பன்றிக்கும், ஜூலுலாந்துப் புதர்க்காட்டில் இம்பாலா மானுக்கும் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. வேட்டைக் குண்டுகளில் பலவும் உடலுக்குள் சரியாக விரிய நொடிக்கு சுமார் 550 மீட்டர் வேகமாவது வேண்டும். குறைத்த குழலிலும் வேகம் அந்த எல்லைக்கு இறங்குவது 400 மீட்டர் தூர அளவில்தான். கரூ என்னும் வறண்ட சமவெளியில் தொலைவிலிருந்து ஸ்பிரிங்பொக் மானைச் சுடுபவருக்கு மட்டும் நீளக் குழலை வைத்துக்கொள்ளச் சொல்வேன். அங்கே காற்றும் தூரமும் சேரும்போது ஒவ்வொரு மீட்டர் வேகமும் உதவும்.

குழல் குட்டையானால் குறி தவறும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையல்ல, அதே பருமனில் குட்டையான குழல் விறைப்பாக நிற்கும். குறியைக் கெடுப்பது சரியாகச் சீவப்படாத குழல்வாய்தான். குண்டு வெளியேறும் கணத்தில் வாயு ஒரு பக்கமாக முந்திக் கசிந்தால் குண்டு தடுமாறும். இந்தப் பட்டறையில் குழல்வாயைக் கடைசலில் 11 பாகைச் சரிவாகச் சீவியிருந்தார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குழலின் உட்புறச் சுருள் வரிகளான புரிகளின் விளிம்பு ஒவ்வொன்றும் பிசிறின்றிக் கூர்மையாக முடிந்திருந்தது. மரையில் சைலன்சர் ஆட்டமில்லாமல், மரை முடியும் தோள்வரை நேராக உட்காருகிறது.

குறைகளும் உண்டு. வெட்டிய இடத்தில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய கருநீலம் பழைய குழலின் நிறத்தோடு ஒட்டவில்லை. பகல் வெளிச்சத்தில் தனியாகத் தெரிகிறது. ஈரக் காற்று வீசும் கடலோரத்தில் அந்த இடத்துக்கு எண்ணெய் தவறாமல் போட வேண்டியிருக்கிறது. சொன்ன தேதிக்கு வேலை முடியவில்லை, தாமதமாகும் என்று அழைத்துச் சொல்லவும் இல்லை. சைலன்சரை மாட்டும்போது குறி இடம் மாறும் என்பதையும் அவர்களாகவே சொல்லியிருக்க வேண்டும். சைலன்சர் இல்லாமல் சுட்டால் தீப்பிழம்பும் சத்தமும் முன்பைவிட அதிகம் என்பதால், காதுக் கவசத்தை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

கட்டணத்தை முன்கூட்டியே எழுதித் தருகிறார்கள். வேகம் அளப்பதும் அதில் அடக்கம். தோட்டாவை மட்டும் நாம்தான் கொண்டு போக வேண்டும். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் சுடவும், பிறகு குறியைச் சரிசெய்யவும் போதுமான அளவு, எல்லாம் ஒரே தயாரிப்புத் தொகுதி எண் கொண்டவையாகப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள்.