போர் விமான மாடல் செய்து தருவதாகச் சொல்லி 18,500 ரூபாய் ஏமாற்றினார்கள். முன்பணம் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

நேற்று சாயங்காலம் பார்சல் வந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. வேறு யாரும் இந்த ஆளிடம் மாட்டக்கூடாது என்பதற்காகவே உடனே எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா இந்திய விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவராக இருந்தவர். தேஜ்பூரில் மிக்-21 போர் விமானப் பயிற்சிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தார். அங்கே பறந்தது, படையில் 'டைப் 77' என்று சொல்லும் மிக்-21 எஃப்எல், நாசிக்கில் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். கட்டியது. 1963-ல் சண்டிகரில் படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைபெற்றதை டிவியில் பார்த்ததிலிருந்து அப்பாவுக்கு அதே பேச்சுதான். அவர் கையால் பராமரித்த 77-ஐ 1/48 அளவில் (நிஜ விமானத்தில் 48-ல் ஒரு பங்கு), பெயிண்ட் இல்லாத அலுமினிய நிறத்தில் செய்து அவர் பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆசைப்பட்டேன். உலோக நிறம் சரியாக வர ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி), கம்ப்ரஸர், பழகிய கை எல்லாம் வேண்டும். அதனால் செய்து கொடுப்பவரைத் தேடினேன்.

கைவினைப் பொருட்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் அவர் கிடைத்தார். புகார் கொடுத்திருப்பதால் தளத்தின் பெயரையும் ஆள் பெயரையும் இங்கே போடவில்லை.

நான் நம்பியது அந்த முதல் போன் பேச்சில்தான். நான் மிக்-21 என்றதுமே அவர் கேட்டார்: "சார், 77 வேணுமா, 96 வேணுமா, பிஸ் வேணுமா? மூணும் மிக்-21-லயே வேற வேற ரகம். 77-க்கு முதுகு ஒல்லியா இருக்கும், உடம்புக்குள்ள துப்பாக்கி கிடையாது, தேவைப்பட்டா அடியில துப்பாக்கி வச்ச கூடு, பாட்னு சொல்லுவாங்க, அதை மாட்டுவாங்க. நிறைய பேர் பிஸ்ஸைச் செஞ்சு 77-னு தலையில கட்டிடுவாங்க, ஜாக்கிரதை." இப்படிப் பேசுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவே "விஷயம் தெரிஞ்ச பையன்டா" என்றார். பிறந்தநாள் ரகசியம் அதோடு உடைந்துபோனாலும் எனக்குச் சந்தோஷம்தான். தளம் வழியாக 10,000 ரூபாய் முன்பணம் கட்டினேன்.

படங்கள் வர ஆரம்பித்தன. ரஷ்ய விமானங்களுக்கே உரிய அந்த நீலப்பச்சை நிறத்தில் காக்பிட். உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, இணைப்புக் கோட்டில் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்த படம். பளபளக்கும் கறுப்பு அடித்து அதன்மேல் அலுமினியம் ஏற்றிய படம். வேலை தெரிந்தவர்கள் செய்யும் முறை அதேதான். பெயிண்ட் முடிந்தது என்று படம் வந்ததும் மீதி 8,500 ரூபாயை அவர் கேட்டபடி அவருடைய எண்ணுக்கே யூபிஐயில் அனுப்பினேன். மொத்தம் 18,500.

பணம் போனதும் பேச்சு மாறியது. கம்ப்ரஸர் ரிப்பேர். மழை ஈரத்தில் வார்னிஷ் வெளுத்துவிட்டது, காயட்டும். கூரியர்காரர் வரவில்லை. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. ஈரத்தில் வார்னிஷ் வெளுப்பது உண்மைதான் என்பதால் அதையும் நம்பினேன். பிறந்தநாளும் கடந்து போயிற்று.

வந்த பெட்டியைத் திறந்தால் ஒரு குட்டி விமானம். மிக்-21-க்கு இறக்கையின் முழு அகலம் 7.15 மீட்டர், 1/48-ல் சுமார் 15 சென்டிமீட்டர் வரவேண்டும். ஸ்கேல் வைத்து அளந்தேன், 10. அதாவது 1/72. ஏர்பிரஷ் பக்கமே போகவில்லை, சில்வர் பெயிண்டைத் தூரிகையால் பூசியிருக்கிறார். இடது இறக்கையில் ஒரு தூரிகை முடி அப்படியே பெயிண்டில் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. முதுகில் இணைப்புக் கோடு நகம் மாட்டும் அளவுக்குத் தெரிகிறது. சூப்பர் குளூ ஆவி பட்டுக் காக்பிட் கண்ணாடி வெள்ளையாகப் படர்ந்துபோயிருக்கிறது. விமானப்படை வட்டத்தில் வெளியே காவி, நடுவில் பச்சை இருக்கவேண்டும். இவர் பச்சையை வெளியே வரைந்து காவியை நடுவில் வைத்திருக்கிறார்!

அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது 77 இல்லடா. முதுகு இவ்வளவு தடிமனா இருக்கு, வயித்துல இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கு. இது பிஸ்." எதைச் செய்து ஏமாற்றுவார்கள் என்று எனக்கு எச்சரிக்கை சொன்னாரோ, அதையே எனக்குச் செய்திருக்கிறார்.

போன் செய்தேன். "கையால செய்யறது சார், சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்" என்றார். அளவே வேறு என்றதும் வைத்துவிட்டார், அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். தளத்தில் கேட்டால், ஆர்டர் கொடுத்துச் செய்யும் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். 8,500 தங்கள் வழியாக வரவில்லை, அதற்குப் பொறுப்பில்லையாம். சரி, அந்த 10,000? "விற்பனையாளரிடம் பேசிக்கொள்ளுங்கள்." விற்பனையாளர்தான் என்னை பிளாக் செய்திருக்கிறாரே! மேலதிகாரி பேசுவார் என்றார்கள், யாரும் பேசவில்லை. அவர் அனுப்பிய படங்களை ராத்திரி இணையத்தில் தேடினேன். எல்லாமே வெளிநாட்டு மாடலர் ஒருவர் எப்போதோ போட்ட படங்கள். 18,500 ரூபாய் போச்சு. அதைவிட, அப்பாவை இப்படிக் காத்திருக்க வைத்ததுதான் ஆறவில்லை.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். வேலை நடக்கும் படம் கேட்டால், அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலும் தெரிய எடுக்கச் சொல்லுங்கள். வந்த படங்களை அன்றைக்கே இணையத்தில் தேடிப் பாருங்கள். எந்த கம்பெனி கிட் (மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டி), எந்த அளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் பதிந்துவிட்டேன். நீலப்பச்சைக் காக்பிட், கறுப்பின் மேல் அலுமினியம் என்று இதே படங்களை யாராவது உங்களுக்கும் அனுப்பியிருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், புகாரில் சேர்க்கவேண்டும்.