குவின்ஸி நிலவறை: இரண்டு அதிபர்கள், இரண்டு மனைவிகள், கூடவே என் மாமியார்

பாஸ்டனிலிருந்து சிவப்புத் தட ரயிலில் வருகிறவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. ‘குவின்ஸி ஆடம்ஸ்’ என்று ஒரு நிலையம் வரும். பெயரை நம்பி அங்கே போய் இறங்கினால் கார் நிறுத்துமிடத்தைத்தான் பார்ப்பீர்கள். அமெரிக்காவின் இரண்டாவது, ஆறாவது அதிபர்களான ஆடம்ஸ்கள், தந்தையும் மகனும், உறங்குவது அதற்கு முந்தைய நிலையமான குவின்ஸி சென்டரில். வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் நான்கு பெரிய தூண்களோடு ஒரு கருங்கல் தேவாலயம் நிற்கும். ஊர்க்காரர்கள் ‘குவின்சி’ என்று சொல்வதில்லை, கடைசி எழுத்தில் ஆங்கில z ஒலி வர ‘குவின்ஸி’ என்றுதான் சொல்வார்கள். மாற்றிச் சொன்னால் புன்னகையோடு திருத்துவார்கள். பக்கத்து ஊரான பிரெயின்ட்ரீயில் பதினொரு வருடமாகக் குடியிருக்கும் என்னையும் திருத்தியிருக்கிறார்கள்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் அந்தத் தேவாலயத்துக்குள் போனதில்லை. ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்த அத்தை, அதாவது என் மாமியார், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க முடியாது என்று சொன்ன பிறகுதான் கிளம்பினோம். முதல் தடவை செய்த தவறு, ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் ஏறியது. பெயர் வேண்டாம். குவின்ஸியில் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். வழிகாட்டி எதிரிலிருந்த ஹான்காக் கல்லறைத் தோட்டத்தைக் கைகாட்டி, சுதந்திரப் பிரகடனத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்ட ஜான் ஹான்காக் அங்கேதான் இருக்கிறார் என்றார். இல்லை. அங்கே இருப்பவர் அதே பெயர் கொண்ட அவருடைய தந்தை, இந்த ஊரின் பாதிரியார். மகன் பாஸ்டன் நகருக்குள், கிரானரி கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அத்தை முப்பத்திரண்டு வருடம் வரலாறு கற்பித்தவர். திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து நாங்களாகவே ரயிலேறிப் போனோம். இந்த மதிப்புரை அந்த இரண்டாவது பயணத்தைப் பற்றியது.

தேவாலயத்தின் முறையான பெயர் யுனைடெட் ஃபர்ஸ்ட் பாரிஷ். யூனிட்டேரியன் சபையினர் இன்றும் அங்கே வழிபடுகிறார்கள்; காட்சியகமாக மட்டும் மாறிவிடவில்லை. 1828-இல் கட்டி முடித்தார்கள். வடிவமைத்தவர் அலெக்சாண்டர் பாரிஸ், பாஸ்டனின் குவின்ஸி மார்க்கெட்டையும் எழுப்பியவர். கல் இந்த ஊர்க் கல். ஜான் ஆடம்ஸ் 1822-இல் தன் கல்குவாரி நிலத்தை ஊருக்கு எழுதிக்கொடுத்தார்: முதலில் ஒரு கோயில், பிறகு ஒரு பள்ளிக்கூடம். கோயில் எழும்புவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. பள்ளிக்கூடமோ 1872-இல்தான் திறந்தது.

உள்ளே வெண்மையான குவிமாடக் கூரை, அதன் கீழே நல்ல வெளிச்சம். குடும்பத்தின் இருக்கை எண் 54, அடையாளம் வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலாக நான் பார்க்கச் சொல்வது சுவரில் உள்ள நினைவுப் பலகையை. தந்தைக்காக மகன் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் எழுதிய வாசகம் அது. 1776 ஜூலை 4-இல் நாட்டின் சுதந்திரத்துக்குத் தன்னை அடகு வைத்தார். 1783 செப்டம்பர் 3-இல் பிரிட்டனோடு உடன்படிக்கையில் முத்திரையிட்டு அந்த அடகை மீட்டார். 1826 ஜூலை 4-இல் அழைத்துக்கொள்ளப்பட்டார் என்று மூன்று தேதிகளில் ஒரு வாழ்க்கை. அடகு, மீட்பு என்று கணக்கு வழக்குப் போல எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. என் தொழிலும் கணக்குதான்.

ஆனால் பெரியவர் தனக்குக் கேட்டது வேறு. 1800-இல் பிரான்சோடு சமாதானம் செய்யும் பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்ட ஜான் ஆடம்ஸ் இங்கே கிடக்கிறார், கல்லில் வேறெதுவும் வேண்டாம் என்று 1815-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தச் சமாதானத்தால் சொந்தக் கட்சியே அவர் மீது பாய்ந்தது. அதே ஆண்டுத் தேர்தலிலும் தோற்றார். தோல்வியோடு வந்த செயலையே தன் பெருமையாக நினைத்தவர் அவர். மகன் வெற்றிகளைத் தேர்ந்தெடுத்தார். மகன்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

நிலவறைக்கு இறங்கும் முன் அத்தை தயங்கினார். “பிணம் வைத்த இடம். போய்விட்டு வந்தால் தலைக்குக் குளிக்க வேண்டாமா?” என்று தமிழில் கேட்டார். எங்களை அழைத்துப்போன தன்னார்வலர் வயதான பெண்மணி. என்னவென்று விசாரித்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரிக்கவில்லை. “படிகள் இருக்கின்றன, மெதுவாக வாருங்கள், வர விருப்பமில்லை என்றால் நானும் உங்களோடு மேலேயே இருக்கிறேன்” என்றார். அதன் பிறகு அத்தை எனக்கு முன்னால் இறங்கிவிட்டார்.

கீழே இருப்பது சிறிய அறை. நான்கு கருங்கல் பேழைகள்: ஜான், அவர் மனைவி ஆபிகெயில், மகன் ஜான் குவின்ஸி, அவர் மனைவி லூயிசா கேத்தரின். தோரணம் இல்லை, சிலை இல்லை. நாலைந்து பேர் நின்றால் இடம் நிறைந்துவிடும். அமெரிக்காவில் இரண்டு அதிபர்களை அடக்கிய தேவாலயம் இது ஒன்றுதான். பிறந்த நாட்களில், அதாவது அக்டோபர் 30, ஜூலை 11 ஆகிய தேதிகளில், பதவியில் இருக்கும் அதிபர் மலர்வளையம் அனுப்புவது வழக்கம். கணவர்களின் பேழைகள் மீது கொடி. ஜான் ஆடம்ஸின் கொடியில் பதினைந்து நட்சத்திரங்கள். அத்தை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, “பெண்களுக்கு ஏன் கொடி இல்லை?” என்றார். கேட்டுச் சொன்னேன். அவர்கள் பதவி வகிக்கவில்லை என்பதுதான் பதில் என்றும், ஆனால் தன்னுடைய பேச்சில் பாதி அவர்களைப் பற்றித்தான் என்றும் அந்தப் பெண்மணி சொன்னார்.

சொன்னபடியே செய்தார். ஆபிகெயில் 1818-இல் இறந்தார். மகன் அதிபரானதைப் பார்க்கவில்லை, கணவர் பார்த்தார். லண்டனில் பிறந்த லூயிசா, வெளிநாட்டில் பிறந்த முதல் அதிபர் மனைவி. 1852-இல் அவர் இறந்தபோது நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒத்திவைக்கப்பட்டன.

நால்வரும் முதலில் இங்கே வைக்கப்பட்டவர்கள் அல்ல என்பது எனக்குப் புதிய செய்தி. லூயிசாவைத் தவிர மற்ற மூவரும் இதற்கு முன் இருந்தது எதிரில் இருக்கும் ஹான்காக் தோட்டத்துக் குடும்பக் கல்லறையில். பெரியவரையும் ஆபிகெயிலையும் 1828-இல் சாலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். ஜான் குவின்ஸி பதவி முடிந்த பிறகும் ஓயவில்லை. 1831 முதல் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்து, அடிமை முறைக்கு எதிரான மனுக்களை அவையில் எடுக்கவே கூடாது என்ற விதியை எட்டு வருடம் எதிர்த்து 1844-இல் உடைத்தவர். 1848 பிப்ரவரி 21-இல் அவையிலேயே தன் மேசையருகே சரிந்தார். இரண்டு நாள் கழித்துச் சபாநாயகரின் அறையில் உயிர் பிரிந்தது. குவின்ஸிக்குக் கொண்டுவந்து அவரையும் முதலில் அந்தத் தோட்டத்தில்தான் வைத்தார்கள்; மனைவி இறந்த பிறகு 1852-இல் இருவரையும் இங்கே சேர்த்தார்கள்.

ஆகவே நிலவறையோடு திரும்பிவிடாதீர்கள். தெருவைக் கடந்து அந்தத் தோட்டத்துக்குள் போங்கள். காலியான குடும்பக் கல்லறையைப் பாருங்கள். அதைவிட முக்கியம், ஜான் ஆடம்ஸ் தன் முப்பாட்டன் ஹென்றி ஆடம்ஸுக்கு நிறுவிய கல். இங்கிலாந்தின் டெவன்ஷயரில் ‘துன்புறுத்தல் என்னும் டிராகனிடமிருந்து’ தப்பிப் பறந்து எட்டு மகன்களோடு இங்கே வந்து இறங்கியவர் என்று செதுக்கச் செய்திருக்கிறார். தன் கல்லுக்கு ஒரே வாக்கியம் போதும் என்றவர், முப்பாட்டனுக்கு டிராகனையே வரவழைத்துவிட்டார்.

குறை என்று சொல்ல வேண்டுமானால் ஊரைத்தான் சொல்வேன். இந்த நார்ஃபோக் மாவட்டம் 1793-இல் அமைந்தது. நான்கு அதிபர்கள் பிறந்த மண் என்ற பெருமை இதற்கு உண்டு: ஆடம்ஸ்கள் இருவர், புரூக்லைனில் கென்னடி, மில்டனில் மூத்த புஷ். ஆனால் இறந்த பிறகு இங்கேயே தங்கியவர்கள் இந்த இருவர் மட்டும்தான். கென்னடி ஆர்லிங்டனில், புஷ் டெக்சாஸில். கென்னடியின் பெற்றோரோ புரூக்லைன் ஹோலிஹுட் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். இதையெல்லாம் கோத்துச் சொல்லும் ஒரு நல்ல பலகையை ரயில் நிலையத்திலேயே வைக்கலாம்.

நிதானமாகப் பார்க்க, தோட்டத்தையும் சேர்த்து, இரண்டு மணி நேரம் வேண்டும். திறந்திருக்கும் நாட்கள் பருவத்துக்கேற்ப மாறும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். உண்டியலில் நாங்கள் இருவரும் போட்டது அந்தப் பேருந்து டிக்கெட்டில் கால்பங்குகூட வராது. முழங்கால் வலி உள்ளவர்கள் படிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் அத்தை நேராகக் குளியலறைக்குப் போனார். ஈரத்தலையோடு வெளியே வந்தவரிடம், அடுத்து புரூக்லைனுக்குப் போகலாமா அத்தை என்று கேட்டேன்.

“போகலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்” என்றார்.