எக்ஸ்பிரஸ்கார்டு யூஎஸ்பி 3.0 அட்டை: ஆறாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

செந்தூலில் திருமண நிழற்படத் தொழில் செய்துவரும் நான், யூஎஸ்பி 2.0 போர்ட்டுகள் மட்டுமே கொண்ட என் பழைய மடிக்கணினியைக் கைவிட மனமின்றி, ஆறு ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் மடிக்கணினியின் பக்கவாட்டு ஸ்லாட்டில் செருகி, வேகமான யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளைப் பெற உதவும் எக்ஸ்பிரஸ்கார்டு வகை அட்டை ஒன்றை வாங்கினேன். 40 ஜிபி படங்களை வெளி வன்தட்டுக்கு மாற்ற முன்பு ஏறத்தாழ 22 நிமிடங்கள் பிடித்தன. அட்டை வந்தபின் எட்டு நிமிடங்களில் முடிந்தது. முடிந்த நாள்களில்தான்.

மற்ற நாள்களில் வன்தட்டு பாதியிலேயே ‘டிக்’ என்று ஒலி எழுப்பித் திரையிலிருந்து மறைந்துவிடும். இயக்கி மென்பொருளை நான்கு முறை மாற்றி நிறுவியும் பயனில்லை. கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறோர் அட்டை தந்தார். அதுவும் அப்படியே செய்தது.

குறை மின்சாரத்தில் இருந்தது. எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் 3.3 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும் மட்டுமே தருகிறது. யூஎஸ்பி கருவிகளுக்கு வேண்டிய 5 வோல்ட் அதில் கிடையாது என்பதால், அட்டை அதைத் தானே உயர்த்தித் தர வேண்டும், அல்லது வெளியிலிருந்து பெற வேண்டும். என் அட்டையின் ஓரத்தில் இருந்த சிறு வட்டத் துளை அதற்கானதுதான். நானோ ஓராண்டு வரை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உடன் வந்த கம்பியை மடிக்கணினியின் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் முறைப்படி 500 மில்லியாம்பியர்தான் கிடைக்கும். சுழலத் தொடங்கும் வன்தட்டோ அதைவிடக் கூடுதலாக இழுக்கக்கூடும். முனையின் அளவும் நேர், எதிர் மின்முனைகளும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, சுவரில் செருகும் 5 வோல்ட் அடாப்டரை இணைத்த அன்றே ‘டிக்’ ஒலி நின்றது.

அடுத்த தொல்லை அகலத்தால் வந்தது. அட்டை 34 மில்லிமீட்டர், ஸ்லாட் 54 மில்லிமீட்டர். பொருந்தும், ஆனால் பக்கத்தில் 20 மில்லிமீட்டர் வெற்றிடம் இருப்பதால், கம்பி சற்று இழுபட்டாலே அட்டை ஆடித் தொடர்பு அறுந்துவிடும். கல்யாணப் பத்திரிகை ஒன்றின் தடித்த தாளை மடித்து அங்கே செருகினேன். ஐந்து ஆண்டுகளாகப் பிள்ளையார் அங்கிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அட்டை ஆடுவதில்லை.

விண்டோஸின் பவர் அமைப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் (அட்டை கணினியோடு தரவு பரிமாறும் வழி) இணைப்புக்கான மின்சேமிப்பை அணைத்தபின், வேலையின்றி இருக்கும்போது அட்டை காணாமற்போவதும் ஓய்ந்தது. ஸ்லீப் நிலையிலிருந்து கணினி எழும்போது மட்டும், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியுடன் ‘கோட் 10’ என்னும் பிழை இன்றும் தோன்றுகிறது; அட்டையைக் கழற்றி மறுபடி செருகினால் சரியாகிறது. ஆகவே, மண்டபத்திலேயே படங்களை மாற்றும் இரவுகளில் நான் கணினியைத் தூங்கவிடுவதில்லை.