ஆறு வருடம், ஒரு கிரீக் கயாக்: கோடஞ்சேரி ஆறுகளில் என் அனுபவம்

2019 மழைக்காலத்தில், மலபார் நதித் திருவிழா என்ற கயாக் போட்டிக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம் இந்தக் கிரீக் கயாக்கை, அதாவது செங்குத்தாக இறங்கும் பாறை ஆறுகளில் ஓட்டும் சிறு படகை, வாங்கினேன். விமானத்தில் திரும்பக் கொண்டுபோகும் செலவுக்கு விற்றுவிட்டுப் போவதே மேல் என்று அவர் நினைத்தார். புதிதாக இறக்குமதி செய்ய எனக்கு வக்கில்லை. நீளம் 2.7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எடை 22 கிலோ, கொள்ளளவு சுமார் 320 லிட்டர். முன்னும் பின்னும் வாழைப்பழம் போல வளைந்து தூக்கியிருக்கும்.

ஓட்டியதெல்லாம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், கோடஞ்சேரி பக்கம் ஓடும் சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும்தான். கோவையிலிருந்து வெள்ளி இரவு கிளம்பினால் விடிவதற்குள் சாலிப்புழைக் கரையிலுள்ள புலிக்கயம். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து செங்குத்தாக இறங்கிக் கடைசியில் சாலியாற்றில் சேர்பவை. மேலே மழை கொட்டினால் சில மணி நேரத்தில் ஏறிவிடும், நின்றால் அதே வேகத்தில் வடிந்துவிடும். காலையில் தாவிய பாறை மாலையில் கண்ணிலேயே படாது.

இவ்வளவு கொள்ளளவு இருப்பதில் பெரிய வசதி, எங்கே அமுங்கினாலும் தக்கை போல மேலே வந்துவிடும். எனக்குக் கேடாக முடிந்ததும் அதுதான். சிற்றருவி விளிம்பில் கடைசித் துடுப்பை ஆழமாகப் போட்டு இழுத்து, இடுப்பால் கயாக்கின் மூக்கைத் தூக்கித் தட்டையாக விழ வேண்டும். ‘பூஃப்’ என்பார்கள். மூக்கு குத்திக்கொண்டு போனால், அருவியடியில் திரும்பி உருளும் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும். என் பூஃப் அரைகுறைதான். ஒவ்வொரு முறையும் கயாக் என்னைக் காப்பாற்றிக் கரை சேர்த்தது. நானோ ஓட்டத் தெரிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

2022-ல் இருக்கைக்குக் கீழே விரலளவு விரிசல் விட்டது. சரிசெய்யக் கொடுத்திருந்த வாரம் நண்பரின் சின்னக் கயாக்கை வாங்கிக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது சரிவிலேயே மூக்கு உள்ளே போய்விட்டது. கவிழ்ந்தேன். உட்கார்ந்தபடியே கயாக்கை நிமிர்த்தும் ரோலை மூன்று முறை செய்து பார்த்து, மூச்சு முட்டி வெளியே வந்தேன், கூட இருந்தவர்கள் கயிறு வீசி இழுத்துப் போட்டார்கள். துடுப்பு போனது போனதுதான் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, கீழே மீன் பிடிக்கும் பையன் ஒருவன் “சேட்டா, துழ கிட்டி” (அண்ணா, துடுப்பு கிடைத்தது) என்று தூக்கிக்கொண்டு வந்தான். அப்புறம்தான் ஒழுங்காகப் பூஃப் பழக ஆரம்பித்தேன்.

விரிசலைச் சரிசெய்தவர் தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிறவர். மொட்டைமாடித் தொட்டியும் இந்தக் கயாக்கும் ஒரே ஜாதி, சுழலும் அச்சில் வார்த்த பாலிஎத்திலீன். சூடேற்றி, அதே ரகக் குச்சியை உருக்கி அடைத்தார், இன்றுவரை கசியவில்லை. ஆனால் சூடேற்றினாலும் உருகாத கிராஸ்லிங்க்ட் வகைப் பாலிஎத்திலீன் என்றால் இந்த வித்தை செல்லாது. பழையது வாங்குகிறவர்கள் இதை முதலில் கேளுங்கள்.

கயாக்கின் வெளிக்கூட்டோடு ஒப்பிட்டால் உள்வேலைப்பாடு சுமார் ரகம். இடுப்புப் பஞ்சு இரண்டாவது மழையிலேயே பசை விட்டுப் போனது. செருப்புத் தைக்கும் கடையில் ஈவிஏ என்ற நுரை ஷீட் வாங்கி நானே வெட்டி ஒட்டியதுதான் இப்போதும் நிற்கிறது. உள்ளே பாதம் ஊன்றும் கால்தடுப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மூக்கு பாறையில் மோதினால் உடம்பின் மொத்த எடையும் கணுக்காலில்தான் இறங்கும். திருகாணிகள் துருப்பிடித்தன, மாற்றினேன்.

22 கிலோ என்பது தண்ணீரில் தெரியாது. அரிப்பாறை அருவியருகே வழுக்குப் பாறையில் தோளில் சுமந்து நடக்கும்போது தெரியும். குளிக்கப் போன பலரைப் பலி வாங்கிய இடம் அது. நான் ஒருமுறைகூட அங்கே தண்ணீரில் இறங்கியதில்லை, வெட்கமும் இல்லை.

2020-ல் கொரோனா. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு அந்த வருடம் இறங்க மனம் வரவில்லை. சாலியாற்றில் உடல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆக, உண்மையான உழைப்பு ஐந்து பருவம், அதிலும் ஒன்று பாதி.

இப்போது இருக்கைக்கடியில் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்குகிறது. என் எடை 64 கிலோ, இது முதலிலிருந்தே எனக்குப் பெரிய அளவு. எண்பது கிலோவைத் தாண்டிய நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார், குறைந்த தண்ணீரில் பழகத்தான். போன வாரம் உட்கார்ந்து பார்த்தார். நான் ஒட்டிய செருப்புப் பஞ்சை மட்டும் பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது.