மடிக்கணினியிலிருந்தா, டேக் இட்டா: ஒரு பைத்தான் நூலகத்தின் புதிய பதிப்பை வெளியிடும் இரு வழிகள்

தமிழ் எழுத்துகளை எண்ணித் தரும் சிறு பைத்தான் நூலகம் (பிற நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) ஒன்றை ஹட்டனில் இருந்து பராமரித்து வருகிறேன். அதன் பதிப்புகளை முன்பு மடிக்கணினியிலேயே கட்டி (நிரலைப் பொதியாக்கி), ட்வைன் என்ற பதிவேற்றக் கருவியால், பைத்தான் பொதிகள் பகிரப்படும் பைபிஐ தளத்தில் ஏற்றினேன். இப்போது, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் டேக் (பதிப்பைக் குறிக்கும் அடையாளப் பெயர்) இட்டால், கிட்ஹப் தளத்தின் தானியக்கச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கட்டி வெளியிடுகிறது. இந்த இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன்.

பதிப்பெண்ணை உயர்த்துவதும் மாற்றக் குறிப்பு எழுதுவதும் இரண்டிலும் ஒன்றே. தொடங்குவதற்குக் கைவழி எளிது. ஆக்‌ஷன்ஸுக்கான யாமல் கோப்பை (செய்ய வேண்டிய படிகளை எழுதும் அமைப்புக் கோப்பை) சீராக்க எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. யாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியங்களுக்கு (கிட்டில் நிரலை வைக்கும் இடங்களுக்கு) அச்சேவைக்குக் கட்டணமில்லை.

என் மனத்தை மாற்றியது ஒரு ஜூன் மாத இரவு. தென்மேற்குப் பருவக்காற்றில் மின்சாரம் தடைப்பட்டு ரவுட்டர் அணைந்தபோது, 0.4.1 பதிப்பின் வீல் கோப்பு (நிறுவத் தயாரான பொதி) ஏறியிருந்தது, மூலப்பொதி (மூல நிரலின் பொதி) ஏறியிருக்கவில்லை. காத்திருந்த நேரத்தில், ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வந்தாலும் அதை ஓரெழுத்தாகவே எண்ணுவதற்கான அடுத்த திருத்தத்தைத் தொடங்கினேன். மின்சாரம் வந்ததும், அத்திருத்தம் கமிட் செய்யப்படாமல் (கிட்டில் பதியப்படாமல்) கிடப்பதை மறந்து, மீண்டும் கட்டி மூலப்பொதியை ஏற்றிவிட்டேன். ஒரே பதிப்பெண்ணின் கீழ் இருவேறு நிரல்கள் நின்றன. பைபிஐயில் ஒருமுறை பயன்பட்ட கோப்புப் பெயரை, அழித்த பின்னும் மறுபடி பயன்படுத்த இயலாது, ஆகவே 0.4.1ஐ யாங்க் செய்து (நிறுவ வேண்டாம் எனக் குறியிட்டு) 0.4.2ஐ வெளியிட வேண்டியதாயிற்று.

டேக் வழியில் களஞ்சியத்தில் இருப்பது மட்டுமே கட்டப்படுகிறது; என் மேசையில் அரைகுறையாகக் கிடப்பது உள்ளே புகாது. களஞ்சியத்துக்கும் வெளியீட்டுப் பொதிக்கும் இடையிலான இந்த இடைவெளி அற்பமானதன்று. 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளான எக்ஸ்இசட் யூட்டில்ஸின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கண்டுபிடிக்கப்பட்ட பின்கதவை (கள்ளத்தனமாக நுழைய வைத்த வழியை) இயக்கிவைத்த நிரல் துணுக்கு, கிட்டில் இல்லாமல் வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. களஞ்சியத்தைக் கூர்ந்து படித்தவருக்கும் அது கண்ணில் படாது.

2023 ஏப்ரலில் பைபிஐ அறிமுகப்படுத்திய ‘டிரஸ்டெட் பப்ளிஷிங்’ முறையால், பதிவேற்ற அனுமதிக்கும் நீண்டகால டோக்கன் (கடவுச்சொல் போன்ற இரகசியக் குறி) எதையும் மடிக்கணினியில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சில நிமிடங்களே செல்லுபடியாகும் டோக்கன் வழங்கப்படுகிறது. ஆனால் பிறர் எழுதிய ஆக்‌ஷன்களைச் சேர்ப்பவர்கள் அவற்றை டேக் பெயரால் அல்லாமல் கமிட் ஹாஷால் (குறிப்பிட்ட பதிவுக்கே உரிய, மாறாத அடையாளக் குறியால்) குறிப்பிடுவது அவசியம்.

என் நூலகம் முழுவதும் பைத்தானே. சி நிரல் கலந்த, ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி வீல் கட்ட வேண்டிய நூலகங்களை நான் வெளியிட்டதில்லை. அங்கே ஆக்‌ஷன்ஸ் இன்னும் கூடுதலாக உதவும் என்பது என் ஊகம் மட்டுமே. ட்வைனை நான் முற்றாகக் கைவிடவுமில்லை: டேக் இடுவதற்கு முந்திய நாள் பைபிஐயின் சோதனைத் தளமான டெஸ்ட்பைபிஐயில் ஒத்திகை பார்க்க அதையே பயன்படுத்துகிறேன்.