கம்பளி நூலா, ஹெச்பிஎல்சியா? உணவுச் சாயமும் பிரிசர்வேட்டிவும்: எதை எதில் சோதிப்பது

2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டதற்குக் காரணம் ரோடமின் பி. உணவில் துளிகூட இருக்கக் கூடாத சாயம் அது. ‘இருக்கிறதா, இல்லையா’ என்று மட்டும் தெரிய வேண்டுமானால் முதற்கட்டத்துக்குக் கம்பளி நூலும் காகித குரோமடோகிராஃபியும் (சாயங்களைக் காகிதத்தில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) போதும்.

ஜிலேபி, லட்டு போன்றவற்றில் முதலில் கொழுப்பை நீக்க வேண்டும். பிறகு 10 கிராம் மாதிரியை, 2% அம்மோனியா கலந்த 70% ஆல்கஹால் 50 மில்லியில் அரைத்துச் சில மணி நேரம் ஊறவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் தெளியவைத்து, தெளிவை நீராவிக் குளியலில் வற்ற வைத்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். அதில் 20 செ.மீ. வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுச் சில நிமிடம் கொதிக்க விட்டால் அமிலச் சாயங்கள் நூலில் ஏறிவிடும். கழுவிய நூலை நீர்த்த அம்மோனியாவில் சூடாக்கினால் சாயம் இறங்கும். இதை இன்னொரு முறை செய்தால் இயற்கை நிறங்களின் தொல்லை குறையும். கொழுப்பு நீக்காத கம்பளியில் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும்.

ரோடமின் பி காரச் சாயம். அதனால் இங்கே முறை தலைகீழ்: காரக் கரைசலில் நூலில் ஏற்றி, அசெட்டிக் அமிலத்தில் இறக்க வேண்டும். வழக்கப்படி அமிலத்தில் மட்டும் பார்த்துவிட்டு ‘சாயம் இல்லை’ என்று எழுதினால் அந்த அறிக்கை தவறாகிவிடலாம். காகிதத்தில் அதன் புள்ளி புற ஊதா விளக்கின் கீழ் ஆரஞ்சாக ஒளிரும்.

அனுமதி பெற்ற சாயமென்றால் கேள்வி அளவு பற்றியது. பெரும்பாலான இனிப்புகளுக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். ஒற்றைச் சாயத்துக்கு, கரைசல் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் மலிவு, வேகம். பச்சை பானத்தில் மஞ்சள் சாயமான டார்ட்ரசின் 427 நானோமீட்டரிலும் பிரில்லியன்ட் ப்ளூ 630-லும் உறிஞ்சுவதால் இரண்டையும் பிரித்துக் கணக்கிடலாம். டார்ட்ரசினோடு சன்செட் யெல்லோ (482) சேர்ந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். அங்கே அந்த எண்ணை நம்ப மாட்டோம்.

இனி பிரிசர்வேட்டிவ், அதாவது உணவு கெடாமல் காக்கச் சேர்ப்பவை. அவற்றில் ஒன்றான பென்சோயேட்டுக்கு இன்னும் டைட்ரேஷன் (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் முறை) செய்யும் ஆய்வகங்கள் உண்டு: அமிலமாக்கி, குளோரோஃபார்மில் பிரித்தெடுத்து, 0.05 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் அளப்பது. 1 மில்லிக்கு 7.2 மில்லிகிராம் சோடியம் பென்சோயேட். வேகமாகக் குலுக்கினால் பால்போலக் கலங்கி அடுக்கு பிரியாது. குளோரோஃபார்மை ஆவியாக்கும்போது சூடு அதிகமானால் பென்சாயிக் அமிலமும் பதங்கமாகிப் பறந்துவிடும், கணக்குக் குறையும். இன்னொரு பிரிசர்வேட்டிவான சார்பிக் அமிலம் இருந்தாலோ அதுவும் பென்சோயேட் கணக்கில் ஏறிவிடும்.

பென்சோயேட்டும் சார்பிக் அமிலமும் கலந்த ஸ்குவாஷுக்கு எங்கள் தேர்வு ஹெச்பிஎல்சிதான் (உயர் அழுத்தத்தில் கரைசலை ஒரு குழாய் வழியே செலுத்திப் பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி). பிரிக்கும் குழாய் சி-18 வகை, ஓடும் கரைசல் அம்மோனியம் அசிடேட்–மெத்தனால், அளக்கும் அலைநீளம் 230 நானோமீட்டர். சோடாவில் கேஸை அல்ட்ராசோனிக்கில் விரட்டி, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டினால் போதும். பால் பானத்தில் புரதத்தைக் கேரஸ் கரைசலால் படியவைக்காவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ (அதில் பாதி அயனியாகிவிடும் பிஹெச்) 4.2. ஓடும் கரைசலின் பிஹெச் அதை ஒட்டியிருந்தால் சிறு மாற்றத்துக்கும் பீக் (வரைபடத்தில் அந்தப் பொருள் காட்டும் முகடு) இடம் மாறும். டயட் பானங்களில் சாக்கரின் பீக் பக்கத்திலேயே வரும். ஆகவே பீக் வெளிவரும் நேரத்தை மட்டும் பார்த்துப் பெயர் சூட்டாமல், பல அலைநீளங்களில் ஒரே நேரத்தில் அளக்கும் டயோட் அரே டிடெக்டரில் ஸ்பெக்ட்ரத்தை ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டுவிட்டே கையெழுத்திட வேண்டும்.