சேலத்திலிருந்து இத்தாலி குரூப் டூர்: புளோரன்ஸுக்கு மூன்று மணி நேரம் எந்த மூலைக்கு?

ஐந்து ரோடு பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு டூர் நிறுவனத்தில் பணம் கட்டி அப்பாவும் நானும் இத்தாலி போய் வந்தோம். வெனிஸ், புளோரன்ஸ், பைசா, ரோம் என்று நாலு ஊர், குரூப்பாகப் போவது. விசா வேலை, சாப்பாடு, கூட வந்த மேனேஜர் தம்பியின் பொறுப்பு, இந்த மூன்றுக்கும் முழு மார்க் கொடுக்கலாம். ஆனால் புளோரன்ஸை அவர்கள் காட்டிய விதம் அந்த ஊருக்குச் செய்த அநியாயம், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஏனென்றால் சென்னை, கோவை என்று நான் விசாரித்த மற்றவர்களின் அட்டவணையிலும் புளோரன்ஸுக்கு இதே கதிதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சம்பளச் சீட்டு, கம்பெனி லீவு லெட்டர் எதுவும் கிடையாது. சொந்தத் தொழில்காரர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு, வருமான வரி, வங்கிக் கணக்கு எல்லாம் எந்த வரிசையில் வைக்க வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எப்படி எடுக்க வேண்டும் என்று பொறுமையாக உட்கார்ந்து சொன்னார்கள். சென்னைக்குப் போய்க் கைரேகை கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது. குரூப்போடு இருந்த வரை ராத்திரி சாப்பாடு நம் ஊர்ச் சாப்பாடு, சோறு குழம்பு ரசம். எழுபதைத் தொட்ட அப்பாவுக்கு அது பெரிய ஆறுதல்.

சரி, புளோரன்ஸுக்கு வருவோம். ஹோட்டல் ஊருக்கு வெளியே, மெயின் ரோட்டு ஓரத்தில். பழைய நகரத்துக்குள் டூரிஸ்ட் பஸ் போக முடியாது, தள்ளி இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து நடை. காதில் மாட்டிக்கொள்ளும் கருவி வழியாக கைடு அம்மா வேகமாகச் சொல்லிக்கொண்டே போக, துவோமோ என்கிற பெரிய தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்தோம், டேவிட் சிலையை சதுக்கத்தில் பார்த்தோம், பாலத்தில் நின்று போட்டோ எடுத்தோம், அவ்வளவுதான், பைசாவுக்குக் கிளம்பு. பாத்ரூம் தேடியது, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். சதுக்கத்தில் நிற்கும் டேவிட் 1910-இல் வைத்த நகல். மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய உண்மையான சிலை, 5 மீட்டரைத் தாண்டும் உயரம், 1873-இலேயே அக்காதெமியா என்ற மியூசியத்துக்குள் போய்விட்டது. எங்கள் குரூப்பில் பாதிப் பேர் நகலைத்தான் அசல் என்று நினைத்து ஊருக்குப் போட்டோ அனுப்பினார்கள். காசு கொடுத்து அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அதைச் சொல்லாமல் விடலாமா?

அட்டவணையைக் கையில் வாங்கியபோதே இது போதாது என்று தெரிந்ததால், ரிட்டர்ன் டிக்கெட்டைத் தள்ளிப் போடச் சொல்லியிருந்தேன். அதை அவர்கள் முகம் சுளிக்காமல் செய்து, கூடுதல் நாளுக்கான ஹோட்டல் பதிவையும் காப்பீட்டையும் விசா பேப்பரிலேயே சேர்த்துவிட்டார்கள். குரூப் ரோமிலிருந்து விமானம் ஏறியது, நாங்கள் திரும்பவும் புளோரன்ஸுக்கு ரயில் ஏறினோம். வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான், முன்கூட்டியே போட்டால் டிக்கெட் நன்றாகவே குறைகிறது. சான்டா மரியா நொவெல்லா ஸ்டேஷனில் இறங்கினால் பழைய நகரம் நடக்கிற தூரம். ஸ்டேஷன் பக்கமே தங்கினோம், அப்பாவின் முழங்காலுக்கு அதுதான் சரி.

அந்த ஊரின் பெரிய கைகள் பல பொற்கொல்லர் பட்டறையில் பழகியவை. துவோமோவின் கும்பத்தை, அதாவது மேலே இருக்கும் பெரிய குவிமாடத்தை, கட்டிய புருனலெஸ்கி பொற்கொல்லர். எதிரே இருக்கும் ஞானஸ்நானக் கோவிலின் கதவைச் செய்த கிபெர்ட்டியும் அதே தொழிலில் வளர்ந்தவர். இது தெரிந்த பிறகு அப்பாவுக்கு அந்த ஊரே வேறாகிவிட்டது. கிபெர்ட்டி அந்தக் கதவுக்கு 1425 முதல் 1452 வரை, 27 வருஷம் கொடுத்திருக்கிறார். வெண்கலத்தில் வார்த்து, பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூட்டில் பாதரசத்தை விரட்டுகிற பழைய முறை. 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு கரை உடைத்து ஊருக்குள் வந்தபோது சில பலகைகள் பிய்ந்து விழுந்திருக்கின்றன. இப்போது வாசலில் இருப்பது நகல், அசல் கதவு துவோமோ மியூசியத்துக்குள் இருக்கிறது. குரூப்பில் போனவர்களுக்கு இந்த மியூசியத்தின் வாசல்கூடத் தெரியாது.

அதே மியூசியத்தில் ஒரு வெள்ளிப் பலிபீடம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து 1483-இல்தான் முடிந்தது, நூறு வருஷத்துக்கும் மேல், தலைமுறை தலைமுறையாகப் பலர் கை வைத்த வேலை. ஓவியர் லியொனார்டோ டா வின்சிக்குக் குருவாக இருந்த வெரோக்கியோ செய்த பகுதியும் அதில் உண்டு. அப்பா அதன் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. பற்றவைத்த இடம் எங்கே, தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டி எடுத்தது எது, தனியாக வார்த்து ஒட்டியது எது என்று எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். "இவ்வளவு சின்ன முகத்துல கண்ணிமை வரைக்கும் எடுத்திருக்கான் பாரு சாமி" என்றார். சின்ன வயசிலிருந்து ஊதுகுழலும் இடுக்கியுமாக உட்கார்ந்த மனிதர் இன்னொரு கைவேலைக்காரனைப் பாராட்டியதைக் கேட்டது எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய சந்தோஷம். மூன்று மணி நேர அட்டவணையில் இது எங்கே கிடைக்கும்?

கும்பத்தின் மேல் நான் மட்டும் ஏறினேன். 463 படி, லிஃப்ட் கிடையாது, நேரம் குறித்து முன்பதிவு செய்தே ஆக வேண்டும். மூட்டு வலி, மூச்சு வாங்கல் உள்ளவர்கள் தயவுசெய்து வேண்டாம், பாதி வழியில் திரும்பி இறங்கவும் வசதியான இடம் இல்லை. ஏற முடிந்தவர்கள் விடவே கூடாது. உள் ஓடு, வெளி ஓடு என்று கும்பம் இரண்டு அடுக்கு, அவற்றுக்கு நடுவில்தான் படி போகிறது. போகிற வழியில் செங்கல் அடுக்கைத் தொட்டுவிடும் பக்கத்தில் பார்க்கலாம், தென்னங்கீற்று முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக. அந்த அடுக்குதான் ரகசியம். தரையிலிருந்து மரச்சாரம் கொடுத்துத் தாங்காமலே, 1420 முதல் 1436 வரை, சுமார் 45 மீட்டர் அகலத்தை மூடியிருக்கிறார்கள்.

உஃபீசி என்ற ஓவிய மியூசியம், அக்காதெமியா இரண்டும் திங்கட்கிழமை லீவு. எங்கள் குரூப் போனது திங்கட்கிழமை! உஃபீசிக்கு ஒரு நாளில் பாதியாவது ஒதுக்குங்கள், போட்டிசெல்லி என்ற ஓவியரின் படங்கள் இருக்கும் அறையிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். இவ்வளவும் அந்த ஊரிலேயே தங்கியதற்கு ஒரு பெண்தான் காரணம். புளோரன்ஸை ஆண்ட மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லூயிசா, 1737-இல் போட்ட ஒப்பந்தத்தில், குடும்பத்தின் கலைப்பொருள் எதுவும் புளோரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார். இதை கைடு சொல்லியிருந்தால், மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றாவது குரூப்புக்குத் தெரிந்திருக்கும்.

போன்ட்டே வெக்கியோ பாலத்தின் மேல் இரண்டு பக்கமும் நகைக்கடை. முன்பு கறிக்கடைகள் இருந்தனவாம், 1593-இல் அவற்றைக் காலி செய்துவிட்டுப் பொற்கொல்லர்களுக்குக் கொடுத்தார்கள். விலை அதிகம், நாங்கள் எதுவும் வாங்கவில்லை, வாங்கச் சொல்லவும் மாட்டேன். சாயங்காலம் கடை மூடிய பிறகு மரக்கதவுகளைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம், அதற்குக் காசு இல்லை. 1252-இல் இந்த ஊர் அடித்த ஃபுளோரின் காசு சுத்தத் தங்கம், சுமார் 3.5 கிராம், அரைச் சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. ஐரோப்பா முழுக்க அதை நம்பி வாங்கியிருக்கிறார்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. அங்கே ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், அது அந்தப் பக்கத்து வழக்கம். நாங்கள் கொண்டுபோன பருப்புப் பொடியும் தட்டுவடையும் கைகொடுத்தன. சைவக்காரர்கள் ரிபொல்லிட்டா கேளுங்கள், பீன்ஸும் கீரையும் ரொட்டியும் போட்டுக் கொதிக்க வைத்த கெட்டியான சூப், சூடாக வயிற்றுக்கு இதமாக இருந்தது, இறைச்சி சேர்க்கவில்லையே என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவண்டியில் லம்ப்ரெடோட்டோ என்று விற்பது மாட்டு இரைப்பை. உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் இருக்கைக்குத் தனியாக ஒரு தொகை வரும், ஏமாற்று இல்லை, முறையே அப்படி. காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. ஹோட்டலில் தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று நகர வரி கேட்பார்கள், அது பெரும்பாலும் ரூம் வாடகையில் சேர்ந்திருக்காது. தெருவெல்லாம் கல் பாவியது, செருப்பு வேண்டாம், ஷூதான். சர்ச்சுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், வேட்டி புடவைக்கு அந்தக் கவலை இல்லை.

திரும்பி வந்ததும் ஆபீஸுக்கே போய் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பைசாவை எடுத்துவிட்டு புளோரன்ஸில் இரண்டு ராத்திரி, ஊருக்குள்ளேயே ஹோட்டல் என்று தனியாக ஒரு அட்டவணை போட்டுத் தருவதாகவும், கூடுதல் செலவை வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்கள். பணம் கட்டப் போகிறவர்கள் அதைக் கேளுங்கள், வாய் வார்த்தையாக விடாமல் ரசீதோடு எழுதி வாங்குங்கள். புளோரன்ஸ் நாள் திங்கட்கிழமை வருகிறதா, அட்டவணையில் மியூசியத்துக்கு நேராக 'உள்ளே நுழைவுச் சீட்டுடன்' என்று இருக்கிறதா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.